வேனைப் பேச வைத்த இனிகோ

நம் ஒலிபெருக்கி அமைப்பாளர் சங்க மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து உப்பு மூட்டை சுமந்தேன், லாரியில் கிளீனராக நின்றேன், டிரைவரானேன், கடைசியில் சொந்த வேனும் மைக் செட்டும் வைத்தேன். ஒருத்தன் கையையும் எதிர்பார்க்கவில்லை. இதையெல்லாம் நானே ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விட்டது ஒன்றுதான், அது இனிகோவைப் பற்றியது. ஆகவே அவனைப் பற்றி எழுதுகிறேன்.

இனிகோ கடற்கரைத் தெருக்காரன். சங்கு குளிப்பதுதான் பரம்பரைத் தொழில். பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மணலைத் தடவிச் சங்கு எடுத்து வருவான். சளி பிடித்திருக்கும்போது குளிக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் கண்டிப்பான விதி. மூக்கைப் பிடித்துக் காற்றைக் காதுக்கு ஏற்றினால்தான் ஆழத்தில் காது தாங்கும். சளி இருந்தால் காற்று ஏறாது. இனிகோவுக்கு விதி தெரியும். அறுபத்தெட்டில் ஒரு நாள் தெரிந்தே இறங்கினான். இடது காது உடைந்து ரத்தத்தோடு மேலே வந்தான். வலது காதும் பாதி போயிற்று. அதன்பிறகு கடல் அவனுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அப்போது அவனுக்கு வயது முப்பது.

கடலை விட்டவன் துறைமுகச் சாலையில் ஒரு பேட்டரிக் கடையில் வேலைக்கு நின்றான். லாரி பேட்டரி, விசைப்படகு பேட்டரி எல்லாம் சார்ஜ் ஏற்றும் கடை. என் வேன் பேட்டரியையும் அங்கேதான் கொடுப்பேன். அப்படித்தான் அவனைத் தெரியும்.

இனி என் வேன். பழைய ஸ்டாண்டர்டு வேன் அது. எழுபத்திரண்டில் நான் மதுரைக்குப் போய் அறுபது வாட் ஆம்ப்ளிஃபயரும் நாலு புதுக் குழாய் ஸ்பீக்கரும் வாங்கி வந்து, கூரையில் நாலு திக்கும் பார்க்கக் கட்டினேன். அதுவரை தூத்துக்குடியில் இருந்த வேன்களில் ரெண்டு குழாய்க்கு மேல் கிடையாது. சினிமா விளம்பரம் சொல்லிக்கொண்டு போனால் சத்தம் திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டை வரைக்கும் கேட்கும். நான் மிகைப்படுத்தவில்லை, புதுக்கோட்டையில் டீக்கடை வைத்திருந்தவர் ஒருவர் என்னிடமே சொன்னார்.

அந்த வருடம் ஆகஸ்டில் கடற்கரைத் தெரு மாதா கோயில் திருவிழாவுக்கு என் வேனைக் கூப்பிட்டார்கள். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன், எங்களுக்கு மாதா வணக்கம் கிடையாது. இருந்தாலும் நல்ல வேன் வேண்டுமென்றால் என்னிடம்தானே வரவேண்டும்?

அங்கே வழக்கம் இப்படி. சாயங்காலம் மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு பவனி போவார்கள். முன்னால் சிலுவை, அதன் பின்னால் பெண்கள், பிறகு ஆண்கள், கடைசியில் சப்பரம். வழி நெடுக செபமாலை சொல்வார்கள். செபத்தை நடத்தும் உபதேசியார் ஒரு பாதி சொல்ல, ஜனங்கள் மறு பாதி சொல்ல வேண்டும். பத்துப் பத்தாக எண்ணி, ஐந்து பத்து முடியும்போது பவனியும் கோயில் வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும். முன்னெல்லாம் உபதேசியார் தொண்டையால் கத்துவார், பாதிப் பேர் ஊகத்தில் சொல்லிக்கொள்வார்கள். அந்த வருடம் என் வேன் சப்பரத்துக்குச் சற்று முன்னால், பவனியின் வால் பக்கத்தில் ஊர்ந்தது. மனுவேல் உபதேசியார் உள்ளே உட்கார்ந்து மைக்கில் சொன்னார். சத்தம் வானத்தைப் பிளந்தது.

நடந்தது என்ன? வேன் பக்கத்தில் நின்ற ஆண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்னால் போன பெண்களுக்குச் சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. ஓர் இரைச்சல் எழுந்ததும் உபதேசியார் முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று இவர்கள் பதில் சொன்னார்கள். பெண்கள் பதில் சொல்லி முடிக்கும்போதுதான் ஆண்கள் ஆரம்பித்தார்கள். ரெண்டு சத்தமும் மோதின. போகப் போகப் பெண்கள் வேகமாகிவிட்டார்கள். கோயில் வாசலில் பெண்கள் ஐந்து பத்தும் முடித்து அதற்குப் பிறகு சாமியார் தொடங்க வேண்டிய மன்றாட்டு மாலையையே தொடங்கிவிட்டார்கள். ஆண்கள் மூன்றாவது பத்தில் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் வாசலில் சந்தித்தபோது நடந்த கூத்தைப் பார்க்க வேண்டும்.

"ஏளா, ஒங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? அடுப்புல ஒலையா வச்சிருக்கியோ?"

"நீங்க கள்ளுக்கடைக்குப் போற நடை நடந்தா நாங்க காத்துக்கிட்டு நிக்கணுமோ?"

மாதா முன்னாலேயே புருஷனும் பெஞ்சாதியும் சண்டை. பங்குச் சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். பவனி நடத்தும் கமிட்டித் தலைவர் மச்சாது என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அடுத்த வருசம் மதுரைக் கம்பெனிதான்," என்றார்.

நான் சண்டைக்குப் போனேன். குழாயில் குறை இல்லை, ஜனங்கள் காதில்தான் குறை என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

மறுவாரம் பேட்டரி எடுக்கப் போனபோது இனிகோ மெதுவாகச் சொன்னான். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்க வேன் கத்துது. பேச மாட்டேங்கு."

"ஏலே, புதுக்கோட்டை வரைக்கும் கேக்குதுங்கான். ஒனக்குக் கேக்காதது என் வேன் குத்தமா?"

"புதுக்கோட்டைக்குக் கேட்டு என்ன செய்ய? அங்கன உள்ளவனா செபமாலை சொல்லுதான்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செவிடன் வந்து எனக்குச் சத்தம் சொல்லித் தருவதா? ஆனால் அவன் விடவில்லை. தன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். "இதுல சத்தம் எல்லாம் விழும் அண்ணாச்சி. லாரி, மில்லுச் சங்கு, கடல் எல்லாம் விழும். பேச்சு மட்டும் விழாது. நாலு பேர் சேர்ந்து பேசுனா கூழு மாதிரி ஆயிரும். அதனால எவன் தெளிவாப் பேசுதான், எவன் சும்மா கத்துதான்னு என்னய விட ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கு வார்த்தை வெளங்குற மாதிரி வேனைச் செஞ்சா, ஊருக்கே வெளங்கும்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் படிக்காதவன், ஆனால் நல்ல பேச்சு எது என்று பிடிபடாதவன் இல்லை.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பேட்டரிக் கடையை மூடிவிட்டார்கள். முதலாளி திருநெல்வேலிக்கே போய்விட்டார். இனிகோவின் மச்சான் பவுல் ஆறுமுகநேரி உப்பளத்தில் மேஸ்திரி. அங்கே காவல் வேலை ஒன்று பார்த்து வைத்திருந்தான். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றான். "காவலுக்குக் காது எதுக்குங்கேன், கண்ணு போதும்லா," என்று தெருவில் வைத்துச் சொல்லிச் சிரித்தான். இனிகோவுக்கு அது முள்ளாகக் குத்தியது. அவன் பிறந்தது, குளித்தது, கட்டிக்கொண்டது எல்லாம் அந்தத் தெருவில். அவன் மனைவி மரியசெல்விக்கும் போக மனமில்லை, ஆனால் சாப்பிட வேண்டுமே.

இனிகோ நேரே என்னிடம் வந்தான். "இந்தத் திருவிழாவுக்கு வேனை என் கையில குடுங்க. நல்லா நடந்தா எனக்கு இங்கனயே வேலை குடுங்க. நடக்கல்லன்னா நான் மறுநாளே ஆறுமுகநேரி பஸ் ஏறிருவேன்."

"சரிலே," என்றேன். "வேனைக் கெடுத்தியானா உப்பளத்துக்கு நானே கொண்டுபோய் விட்டுருவேன்."

அடுத்து சாமியாரிடம் போனோம். மச்சாதும் அங்கே இருந்தார். மதுரைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதத் தாளை எடுத்து வைத்திருந்தார். இனிகோ கேட்டது ஒன்றே ஒன்று. இந்த முறை வேன் சப்பரத்துக்கு முன்னால் போகாது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவில், பவனியின் இடுப்பில் போகும்.

மச்சாது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எங்க தாத்தா காலத்துலேந்து உபதேசியார் மாதாவுக்கு முன்னாலதான் நிக்காரு. நீ மாத்துவியோ?"

"புதுத் துறைமுகத்துல கடலுக்குள்ள கல்லு கொட்டுதான்லா, பாத்திருக்கீங்களா?" என்றான் இனிகோ. "கல்லு விழுறது கண்ணுக்கு முதல்ல தெரியும். சத்தம் பெறவுதான் வரும். வேன் வாலுல நின்னா தலைக்குச் சத்தம் லேட்டாத்தான் போவும். நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல போவும்."

"அப்ப மாதா?"

"மாதாவுக்கு மைக்கு வேண்டாம் ஐயா. மனசுக்குள்ள சொன்னாலும் அவ கேப்பா. முன்னால போற பொம்பளைகளுக்குத்தான் வேணும்."

சாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தவர் மறுக்க முடியாது. "இந்த ஒரு வருசம் பார்ப்போம்," என்றார். மச்சாது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை, கவனியுங்கள்.

மூன்று வாரம் வேன், நான் வழக்கமாக நிறுத்தும் உப்புக் கோடவுன் முற்றத்தில் நின்றது. இனிகோ என் நாலு குழாயில் ரெண்டை முதல் நாளே கழற்றிக் கீழே வைத்தான். எனக்கு நெஞ்சை அறுத்த மாதிரி இருந்தது.

"ஏலே, நாலு குழாய் கட்டுனவன்னு எனக்கு ஊருல பேரு!"

"நாலும் நாலு செவுத்துல மோதித் திரும்பி வருது அண்ணாச்சி. ஒரே வார்த்தைய நாலு தடவ சொன்னா எவனுக்கு வெளங்கும்? ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. போதும்."

அப்புறம் வயர்களைப் பார்த்தான். கடல் காற்றில் ஒவ்வொரு இணைப்பும் பச்சை பூத்துப் போயிருந்தது. நான் முறுக்கி டேப் சுற்றி விட்டவை அவை. அத்தனையையும் வெட்டி எறிந்து, தடித்த வயர் போட்டு, ஈயத்தால் பற்றவைத்து, மேலே மெழுகு உருக்கி ஊற்றினான். படகில் பலகை இடுக்கை அடைப்பது போல அவ்வளவு கவனம். இன்ஜினும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பேட்டரியில் ஓடியதால் வண்டி கிளம்பினதும் உள்ளே ஒரு முனகல் வரும். அது சத்தத்தின் அழகு என்றே நான் நினைத்திருந்தேன். தனி பேட்டரி போட்டான், முனகல் நின்றது. கூரைத் தகடு குழாயோடு சேர்ந்து அதிர்ந்தது. லாரி டியூபை வெட்டி இடையில் மெத்தை மாதிரி வைத்தான். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். குழாயில் ஒரு திருகாணி லூசாக இருந்தாலும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். கடலுக்கடியில் மணலுக்குள் சங்கைத் தடவிக் கண்டுபிடித்த கை அது.

ஆம்ப்ளிஃபயரில் கனத்த சத்தத்துக்கு ஒரு திருகு உண்டு. நான் அதை முழுக்க ஏற்றி வைத்திருப்பேன். இடி மாதிரி இருக்கும். இனிகோ அதைக் கீழே இறக்கிவிட்டான். "இடிதான் வார்த்தைய முழுங்குது," என்றான். மைக்கில் காற்று அடிக்காமல் இருக்க மரியசெல்வி தன் பழைய முக்காட்டுத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். அதை ரெண்டு சுற்று சுற்றிக் கட்டினான்.

ஆனால் பரீட்சை வைத்தானே, அதுதான் இனிகோ. நானாக இருந்தால் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லி முடித்திருப்பேன். நீங்களும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறீர்கள். உபதேசியாரைக் கூட்டி வந்து செபமாலையைச் சொல்லச் சொல்லலாமே என்றேன்.

"கூடாது அண்ணாச்சி. செபம்னா காது கேக்காமலே வாய் பதில் சொல்லிரும். அது பழக்கம். வேற என்னமாவது சொல்லணும்."

பத்துப் பழைய சங்குக் குளியாளிகளைக் கடற்கரைக்கு அழைத்து வந்தான். எல்லோரும் காது போனவர்கள். வேனை நடுவில் நிறுத்தி, ஆட்களை இரண்டு பக்கமும் பவனி நீளத்துக்கு ஒருத்தரை ஒருத்தர் விட்டுத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தான். உபதேசியார் மைக்கில் ஒன்று முதல் பத்துக்குள் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். காதில் விழுந்த எண்ணை அவர்கள் விரலால் காட்ட வேண்டும்.

முதல் நாள் உபதேசியார் "ஏழு" என்றார். ஒருவர் மூன்று விரல் காட்டினார், ஒருவர் ஒன்பது. இன்னொருவர் ஐந்தையும் மடக்கி முஷ்டியைக் காட்டினார்.

நான் ஓடிப்போய்க் கேட்டேன். "என்னவே, முஷ்டியக் காட்டுதீரு? அடிக்கப் போறீரோ?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல வே. அதான் பூச்சியம்," என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். இனிகோ சிரிக்கவில்லை. முன் குழாயைக் கொஞ்சம் கீழே சாய்த்தான். மறுநாள் மறுபடி எண், மறுபடி விரல். பின் குழாய்க்குப் போன வயரைக் கழற்றி மாற்றிப் பூட்டினான். மைக்கை உபதேசியார் வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தான். "விழுங்காதீங்க உபதேசியாரே, பேசுங்க," என்றான். எட்டாம் நாள் உபதேசியார் "நாலு" என்றார். கரை முழுக்கப் பத்துக் கையிலும் நாலு நாலு விரல் எழுந்தது. முஷ்டி காட்டின கிழவர் எழுந்து நின்று காட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அழுகிற ஆள் இல்லை, கச்சான் காற்றில் மணல் விழுந்திருக்கும்.

சத்தத் திருகு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டான். பாதிக்குக் கொஞ்சம் மேலே. "இதத் தாண்டக் கூடாது. தாண்டுனா மறுபடி கத்தும்."

பவனி நாள் வந்தது. வேனை நான்தான் ஓட்டினேன். ஆம்ப்ளிஃபயர் என் இடது பக்க சீட்டில். பின்னால் உபதேசியார். இனிகோ வேன் படியில் தொற்றிக்கொண்டான். தெருக்கோடியில் பவுல் நின்றான். மறுநாள் காலை பஸ்ஸுக்குச் சாமான் கட்டிவைக்கச் சொல்லித் தங்கச்சியிடம் அவன் சொல்லியாகிவிட்டது.

மணி ஐந்தரைக்குச் சிலுவை நகர்ந்தது. உபதேசியார் தொடங்கினார். ஜனங்கள் பதில் சொன்னார்கள். எல்லாம் சரியாகப் போனது மாதிரிதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ரெண்டு நிமிடம் ஆகவில்லை, வேன் பக்கத்தில் நடந்த ஆண்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, வேனுக்குக் காய்ச்சலா? சத்தமே காணோம்."

"புதுக்கோட்டைக்குக் கேட்ட வேன் இதுதானா?"

அவர்களுக்கு வார்த்தை கேட்கத்தான் செய்தது. ஆனால் காது வலிக்கவில்லை. வலித்தால்தான் மைக் செட் என்று பழகிப்போன ஜனங்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

மச்சாது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "பக்கத்துல நிக்கவனுக்கே இவ்வளவுதான் கேக்குதுன்னா முன்னால என்ன கேக்கும்? கூட்டும் வே! போன வருசம் மாதிரி இந்த வருசமும் ஆச்சுன்னா ஒம்ம வேன் இந்தத் தெருவுக்குள்ள வராது."

என் கை திருகுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், சிவப்புக் கோட்டின் மேல் விரல் பட்டுவிட்டது. இனிகோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கூட்டாதீங்க அண்ணாச்சி."

"ஏலே, எல்லாவனும் கேக்கலங்கான்!"

"பக்கத்துல நிக்கவன் சொல்லுதான். தூரத்துல நிக்கவளப் போய் பாக்கணும். நான் முன்னால போய்ப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் இதுல கை வைக்காதீங்க. மாதா மேல ஆணை."

"நான் சி.எஸ்.ஐ. லே."

"அப்ப உங்க அம்மா மேல ஆணை."

படியிலிருந்து குதித்து ஓடிவிட்டான். மச்சாதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். அவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை. காது கேட்காதவன் முன்னால் போய் என்னத்தைக் கேட்டுவிட்டு வரப் போகிறான்? செபமாலையில் ஒரு பத்து மணியை எண்ணி முடிக்கிற நேரம். என் வாழ்க்கையில் நான் சும்மா உட்கார்ந்திருந்த நீளமான நேரம் அதுதான். ஒரு கை ஸ்டியரிங்கில். மறு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெளியே ஒருவன், "செவிடனை நம்பி வேனைக் குடுத்தாம் பாரு," என்று சொன்னது தெளிவாகவே என் காதில் விழுந்தது.

முன்னால் ஐஸ் கம்பெனி மேடை ஒன்று உண்டு. மீன் ஏற்றும் மேடை. இனிகோ அதன்மேல் ஏறி நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் பவனியின் தலையும் தெரியும், வாலும் தெரியும். அவன் காதில் கை வைக்கவில்லை. முன்னால் போகும் பெண்களின் முகங்களைப் பார்த்தான். திரும்பி ஆண்களைப் பார்த்தான். மறுபடி பெண்களைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் வாய்களைப் பார்க்கிறான். ஐந்து வருடமாக மனுஷர் பேச்சை அவன் காதால் மட்டும் வாங்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பாதியை வாங்கியிருக்கிறான்.

உபதேசியார் ஒரு பாதியை முடித்தார். ஜனங்கள் மறு பாதியைத் தொடங்கினார்கள். மேடைமேல் இனிகோ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். வள்ளத்தில் நிற்பவன் கரைக்குக் காட்டுகிற மாதிரி, அசையாமல், அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

வேனுக்குத் திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. "எல்லா வாயும் ஒண்ணாத் தொறக்கு அண்ணாச்சி. ஒண்ணா மூடுது. சிலுவை பக்கத்துல உள்ளவளும், சப்பரத்தை இழுக்கவனும்."

அவன் பின்னாலேயே மச்சாது வந்தார். ஜன்னலோரம் கூடவே நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "என் பெஞ்சாதி முன்னாலதான் போறா. ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்துல நின்னு சொல்லுத மாதிரி இருக்குங்கா." அப்புறம் முணுமுணுத்த ஆண்கள் பக்கம் திரும்பி, "சத்தம் பத்தாதவனெல்லாம் சப்பரத்தை இழுங்கலே, வாயை மூடிக்கிட்டு," என்றார்.

மீதி மூன்று தெருவும் நான் அந்தப் பவனியைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஒரு குரல் சொல்கிறது, ஊரே ஒரு குரலாகப் பதில் சொல்கிறது. இடையில் ஒரு சின்ன நிசப்தம். அந்த நிசப்தத்தில் கடல் கேட்டது, சப்பரச் சக்கரம் மணலில் நெரிவது கேட்டது. என் நாலு குழாய் நாளில் இந்த நிசப்தம் இருந்ததே இல்லை. கோயில் வாசலில் சிலுவை நின்றபோது ஐந்தாவது பத்தின் கடைசி மணியில் இருந்தார்கள், முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும். மன்றாட்டு மாலையைச் சாமியார் தொடங்கும்வரை யாரும் தொடங்கவில்லை.

எல்லாம் முடிந்து சாமியார் படியிறங்கி வேனுக்கு வந்தார். கமிட்டிக்காரர்கள், ஜனங்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். சாமியார் என் தோளில் கை வைத்தார். "அற்புதமணி, இருபது வருசத்துல இப்படி ஒரு பவனி நான் பாக்கல்ல. எப்படிச் செஞ்சீங்க?"

நான் வழக்கமாக என்ன சொல்லியிருப்பேன் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். வேன் என்னுடையது, ஆம்ப்ளிஃபயர் என்னுடையது, ஓட்டியது நான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இனிகோ அந்த நேரத்தில் வேனுக்குக் கீழே குனிந்து, சூடாகியிருக்கிறதா என்று வயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாராட்டு நடப்பதே அவனுக்குத் தெரியாது.

"நான் செய்யல சாமி," என்றேன். "நான் செஞ்சது போன வருசத்துக் கூத்து. இது இனிகோ செஞ்சது. இன்னையிலேந்து என் வேனுக்கு அவன்தான் ஆபரேட்டர்."

அதற்கு முன்னால் எந்த நல்ல காரியத்துக்கும் வேறு ஆளின் பெயரை நான் சொன்னது கிடையாது. சொன்னபிறகு உடம்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பவுல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அப்ப காலைல பஸ்ஸு?" என்று தங்கச்சியைக் கேட்டான்.

மரியசெல்வி முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். "நீங்க போங்கண்ணே. சாமான் ஒண்ணும் கட்டல. காவலுக்கு வேற ஆளு பாத்துக்கிடுங்க."

இனிகோ அப்போதுதான் நிமிர்ந்தான். எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்துகொண்டான். "என்ன அண்ணாச்சி? என்ன சொல்லுதா?"

நான் அவன் வலது பக்கம் போய், கத்தாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

பன்னிரண்டு வருடம் அவன் என்னோடு இருந்தான். அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. திருச்செந்தூர் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எங்கே வேன் போனாலும் முதலில் அந்த ஊரில் காது மந்தமான நாலு பேரைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பான். அவர்கள் விரல் சரியாக எழுந்தபிறகுதான் விழாக்காரர்களிடம் மைக்கைக் கொடுப்பான்.